டீச்சர் பதில்கள்: ‘ஷன்’ போட்ட சொற்கள்

மதுரை சிம்மக்கல்லில் தட்டச்சு, சுருக்கெழுத்து சொல்லிக்கொடுக்கும் டீச்சர் வாசகர்களின் ஆங்கிலச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் பகுதி இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘ஷன்’ என்று முடியும் சொற்களைப் பற்றியவை. அவற்றை மட்டும் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

*

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எஜுகேட் என்பது எஜுகேஷன் ஆகிறது. அதே மாதிரி ரிசீவ் என்பதை ‘ரிசீவேஷன்’ என்று எழுதி மார்க் போய்விட்டது. ரிசப்ஷன் என்று வருவதற்கு விதி ஏதாவது உண்டா, டீச்சர்?
— வாசகி, உசிலம்பட்டி

உங்கள் மகள் யோசித்தது நியாயம்தான், அம்மா. வினைச்சொல்லின் பின்னால் ஷன் சேர்த்தால் பெயர்ச்சொல் கிடைக்கும் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள், அவளும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் இந்தச் சொற்களில் முக்கால்வாசியை ஆங்கிலேயர்கள் அப்படி உட்கார்ந்து சேர்க்கவில்லை.

மீனாட்சி அம்மன் கோயிலில் அர்ச்சனை டிக்கெட் வாங்குகிறோம். அர்ச்சி என்பது வினை, அர்ச்சனை அதன் பெயர். பிரார்த்தி, பிரார்த்தனை. சிந்தி, சிந்தனை. போதி, போதனை. இந்த ‘அனை’யைத் தமிழில் யாரும் ஒட்டவில்லை. வினையும் பெயரும் ஜோடியாகவே வடமொழியிலிருந்து வந்து இறங்கின. அதனால்தான் ‘படி’ என்ற நம் சொல்லோடு அதைச் சேர்த்துப் ‘படனை’ என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஆங்கிலத்துக்கு லத்தீன் அப்படி. 1066-ல் நார்மன்காரர்கள் பிரான்சிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் அரண்மனையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சுதான் பேச்சு. பிரெஞ்சு, லத்தீன் வழி வந்த மொழி. அதில் தேய்ந்து தேய்ந்து வந்த உருவம் ரிசீவ். ரிசப்ஷனோ லத்தீனின் பழைய உருவத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. லத்தீனில் ‘பெறப்பட்டது’ என்பதற்கு ரெசெப்டுஸ் என்பார்கள். அதில் ‘ப்’பும் இருக்கிறது, ‘ட்’டும் இருக்கிறது. ஷன் வந்து சேர்வது அந்த ‘பெறப்பட்ட’ உருவத்தோடு. ‘எழுதப்பட்டது’ ஸ்கிரிப்டுஸ், அதனால் பிரிஸ்கிரைப் என்பது பிரிஸ்கிரிப்ஷன். ‘நடத்திச் செல்லப்பட்டது’ டுக்டுஸ், அதனால் புரொட்யூஸ் என்பது புரொடக்ஷன்.

பரீட்சைக்கு லத்தீன் படிக்கச் சொல்ல முடியாது. குடும்பம் குடும்பமாக மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். ரிசீவ், டிசீவ், பர்சீவ் மூன்றும் ஒரே குடும்பம்: ரிசப்ஷன், டிசப்ஷன், பர்செப்ஷன். சப்ஸ்கிரைப், டிஸ்கிரைப், பிரிஸ்கிரைப் இன்னொன்று. ரெட்யூஸ், இன்ட்ரட்யூஸ், புரொட்யூஸ் வேறொன்று. குடும்பத்தில் ஒருவரைத் தெரிந்தால் மற்றவர்கள் முகம் தானாகத் தெரியும்.

‘ஏட்’ என்று முடிகிற இரண்டசை, மூன்றசை வினைகளுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். கிரியேட், ஆபரேட், டெகரேட், டிரான்ஸ்லேட் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏஷன்தான். டிபேட் போல ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கும். ‘ஃபை’ என்று முடிந்தால் ‘ஃபிகேஷன்’: நோட்டிஃபை, நோட்டிஃபிகேஷன். சாட்டிஸ்ஃபை போல ஒன்றிரண்டு, சாட்டிஸ்ஃபேக்ஷன் என்று ஆகி மார்க்கைப் பறிக்கும், அவற்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

*

ஷன் என்ற விகுதிக்குத் தனியாக என்ன பொருள்? தமிழில் எந்த விகுதி அதற்குச் சமம்?
— தமிழ் இலக்கிய மாணவர், மேலூர்

தம்பி, தமிழ் படிக்கிற நீங்கள்தான் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ள முடியும். ஷன் தொழிற்பெயர் விகுதி. நம்மிடம் தல், அல், கை, வு, பு, சி என்று ஒரு பட்டாளமே இருக்கிறது: செய்தல், ஆடல், வருகை, வரவு, நடிப்பு, பயிற்சி. அந்தப் பட்டாளம் செய்கிற வேலையில் பெரும்பங்கை ஆங்கிலத்தில் ஷன் ஒன்றே பார்க்கிறது. மீதியை மென்ட், இங், ஆல், அன்ஸ் என்று சிலர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் தொழிலாகுபெயருக்கு ‘வற்றல் தின்றான்’ என்று உதாரணம் படித்திருப்பீர்கள். வற்றுவது ஒரு தொழில். தொழிலை யாராலும் தின்ன முடியாது. தின்றது வற்றிய மிளகாயையோ சுண்டைக்காயையோ. செயலின் பெயர், அந்தச் செயலில் விளைந்த பொருளுக்கு ஆகிவந்தது. பொங்கல், பொரியல், அவியல், துவையல், வறுவல் எல்லாம் அதே கணக்கு. நம் சமையலறை முழுக்கத் தொழிலாகுபெயர்தான்.

ஷன் சொற்கள் பலவற்றுக்கும் இந்த இரட்டைப் பிழைப்பு உண்டு. ‘கன்ஸ்ட்ரக்ஷன் நடக்கிறது’ என்றால் கட்டும் வேலை. ‘பழைய காலத்துக் கன்ஸ்ட்ரக்ஷன்’ என்றால் கட்டி முடித்த கட்டடம். ‘டிரான்ஸ்லேஷன் கஷ்டம்’ என்றால் மொழிபெயர்க்கும் வேலை, ‘டிரான்ஸ்லேஷனை மேசையில் வை’ என்றால் மொழிபெயர்த்த தாள். ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, வாக்கியத்தைப் பார்த்துப் புரிந்துகொள் என்று விட்டுவிடும். தமிழில் பல இடங்களில் தனித்தனிச் சொல் உண்டு: கட்டுதல் வேறு, கட்டடம் வேறு.

மாட்டுத்தாவணியில் கடைசி டிரிப் முடித்து இறங்குகிற கண்டக்டரைப் பாருங்கள். டீக்கடையில் ஒருவர் ‘என்னண்ணே, கலெக்ஷன் எப்படி?’ என்பார். கேட்டது தோல்பையில் இருக்கிற பணத்தைப் பற்றி. வசூலிக்கிற வேலை எப்படி இருந்தது என்று அவர் கேட்கவே இல்லை. டவுன் ஹால் ரோட்டு ஜவுளிக்கடையில் ‘நியூ கலெக்ஷன்’ என்று போர்டு தொங்கும். அங்கே கலெக்ஷன் என்றால் சேலை. தமிழுக்கு வந்த ஷன் சொற்களில் பெரும்பாலானவை இப்படிச் செயலை ஊரிலேயே விட்டுவிட்டு, பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவை என்பது என் எண்ணம். நமக்குச் செயலைச் சொல்லச் சொந்தச் சொல் இருந்தது. பொருளும் இடமும் ஏற்பாடும்தான் புதிதாக வந்தன. ரிசப்ஷன் என்றால் லாட்ஜில் சாவி கொடுக்கிற மேசை, அல்லது கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம். வரவேற்கும் செயலுக்கு அதை யாரும் சொல்வதில்லை. ‘அவரை ரிசப்ஷன் பண்ணு’ என்று கேட்டிருக்கிறீர்களா? ‘ரிசீவ் பண்ணு’ என்போம்.

ஃபங்ஷன் இன்னும் வேடிக்கை. லத்தீனில் அதற்குச் செய்து நிறைவேற்றுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் வேலை, பயன்பாடு என்று விரிந்து, ஓரத்தில் விழா என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. நாம் அந்த ஓரத்தை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டோம். உசிலம்பட்டிப் பக்கம் ‘ஃபங்ஷன் வைத்திருக்கிறோம்’ என்றால் பத்திரிகை, பந்தல், மொய் நோட்டு. இங்கிருந்து கம்ப்யூட்டர் படிக்கப் போகிற பிள்ளை முதல் வகுப்பில் ‘இந்த ஃபங்ஷனை எழுது’ என்று கேட்டால் முழிக்கத்தானே செய்யும்?

மோஷனும் அப்படித்தான். அசைவு என்பது அதன் பொருள். சட்டசபையில் கொண்டுவருகிற தீர்மானமும் மோஷன். நம் ஊர் டாக்டர் ‘மோஷன் போச்சா?’ என்று கேட்டால் மட்டும் ஒரே பொருள்தான்.

இன்னொரு வகையும் இருக்கிறது. செயலைச் செய்கிற கூட்டத்துக்கே பெயர் ஆவது: அசோசியேஷன், ஆர்கனைசேஷன், அட்மினிஸ்ட்ரேஷன். 1971 மே 1 முதல் மதுரை நகராட்சி மாநகராட்சி ஆனது, அதாவது கார்ப்பரேஷன். லத்தீனில் கார்ப்புஸ் என்றால் உடம்பு. பல பேர் சேர்ந்து ஒரே உடம்பாக ஆவது கார்ப்பரேஷன். பழைய இங்கிலாந்தில் கேலியாகத் தொப்பையையும் கார்ப்பரேஷன் என்பார்கள். இதை யார் மீதும் வைத்துச் சொல்லவில்லை, அகராதியில் இருப்பதைச் சொல்கிறேன்.

*

பென்ஷன், ரேஷன், ஸ்டேஷன், டியூஷன். இந்த நான்கும் இல்லாமல் என் வாழ்க்கை ஓடவில்லை. இவற்றுக்கு வினைச்சொல் உண்டா?
— ஓய்வுபெற்ற ஊழியர், திருமங்கலம்

ஷன்னைக் கழற்றினால் மிஞ்சுகிற வினை ஆங்கிலத்தில் இல்லை ஐயா. லத்தீனில் உண்டு.

லத்தீனில் பெண்டெரே என்றால் தொங்கவிடு, தராசில் நிறு. காசை எண்ணாமல் உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்தில், நிறுப்பதும் கொடுப்பதும் ஒன்றாகவே இருந்தன. அதிலிருந்து வந்தது பென்ஷன். ரேஷன் என்பது கணக்கிடுதல். ஆளுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது. கணக்கில் வரும் ரேஷியோவும், காரணம் என்று பொருள்படும் ரீசனும் அதே லத்தீன் சொல்தான், வேறு வேறு பாதையில் ஆங்கிலத்துக்கு வந்து வேறு வேறு முகம் ஆகிவிட்டன. ஸ்டேஷன் என்றால் நிற்றல், நிற்கிற இடம். ரயில் நின்றாலும் சரி, போலீஸ் நின்றாலும் சரி.

டியூஷனுக்கு லத்தீனில் பாதுகாத்தல், பார்த்துக்கொள்ளுதல் என்று அர்த்தம். டியூட்டர் அதே வீட்டுப் பிள்ளை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையை டியூஷனில் தள்ளிவிட்டு நிம்மதியாக டிவி பார்க்கிற பெற்றோர் இந்த மூலப்பொருளைச் சரியாகத்தான் கடைப்பிடிக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கிராமத்தில் ‘டேசன்’, ‘ரேசன்’, ‘பென்சன்’ என்று சொல்வதைக் கேட்டுப் பேரப்பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். சொல்லின் முதலில் ‘ஸ்ட்’ வருவது தமிழ் நாக்குக்கு ஒத்துவராது, ‘ஷ’வும் நம் எழுத்தில்லை. ‘டேசன்ல உக்கார வச்சிட்டாங்க’ என்றால் அது எந்த ஸ்டேஷன் என்று சந்தேகமே வருவதில்லை பாருங்கள்.

*

கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். அட்டென்ஷனுக்கு ஒரு ஸ்பெல்லிங், எக்ஸ்டென்ஷனுக்கு வேறு ஸ்பெல்லிங். கேட்டால் இரண்டும் ஒரே சத்தம். எப்படி நினைவில் வைப்பது?
— வாசகர், மதுரை

முதலில் ஒரு ஒப்பந்தம். ஆங்கிலத்தின் இரண்டு ‘டி’யும் தமிழில் எழுதினால் ஒன்று போலவே தெரியும். டைகர் டி, டாக் டி என்று வைத்துக்கொள்வோம்.

இந்தக் குழப்பத்தை என் சுருக்கெழுத்துப் பிள்ளைகளிடம் தினம் பார்க்கிறேன். ஐசக் பிட்மன் 1837-ல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறை முழுக்க ஒலியை நம்பியது. காதில் ‘ஷன்’ என்று விழுந்தால் கோட்டின் கடைசியில் பெரிதாக ஒரு கொக்கி, அவ்வளவுதான். அதற்கு ஷன் ஹுக் என்றே பெயர். நேஷனுக்கும் மிஷனுக்கும் ஃபேஷனுக்கும் அதே கொக்கி. நோட்டில் எழுதும்போது சொர்க்கம். அதைத் திருப்பி முழு ஆங்கிலத்தில் டைப் அடிக்க உட்காரும்போதுதான் ஒவ்வொரு கொக்கியும் ‘நான் டைகர் டி-யா, எஸ்-ஸா?’ என்று கேட்கும்.

வினைச்சொல்லின் முடிவைப் பாருங்கள். டிஸ்கஸ், எக்ஸ்பிரஸ் என்று இரட்டை எஸ்-ஸில் முடிந்தால் ஷன்னிலும் இரட்டை எஸ். ‘மிட்’ என்று முடிந்தாலும் பெரும்பாலும் இரட்டை எஸ்: அட்மிட், பெர்மிட், கமிட், சப்மிட். ‘வெர்ட்’ என்று முடிந்தால் ஒற்றை எஸ்: கன்வெர்ட், கன்வெர்ஷன். டாக் டி-யில் முடிந்தால் பெரும்பாலும் ஒற்றை எஸ்: எக்ஸ்டெண்ட், எக்ஸ்பேண்ட், சஸ்பெண்ட், டிசைட், டிவைட். மற்றதெல்லாம் டைகர் டி என்று போட்டுவிட்டால் பத்துக்கு எட்டு சரியாக வரும்.

உங்கள் அட்டென்ஷன்தான் இடிக்கிறது. அட்டெண்ட், இன்டெண்ட் இரண்டும் டாக் டி-யில் முடிந்தும் டைகர் டி-க்குப் போய்விட்டன. இது ஆங்கிலத்தின் தப்பில்லை. ‘நீட்டு, இழு’ என்ற ஒரே லத்தீன் வினைக்கு ‘நீட்டப்பட்ட’ என்பதற்கு டென்டுஸ், டென்சுஸ் என்று இரண்டு உருவம் இருந்தது. அட்டென்ஷன் முதலாவதைப் பிடித்துக்கொண்டது, எக்ஸ்டென்ஷனும் டென்ஷனும் இரண்டாவதை. இரண்டாயிரம் வருஷத்துப் பங்காளித் தகராறு, நம் தலையில் விழுகிறது.

காதாலும் ஒரு சோதனை உண்டு. தொண்டையில் விரலை வைத்து டிசிஷன், டிவிஷன், டெலிவிஷன் என்று சரியான ஆங்கில உச்சரிப்பில் சொல்லுங்கள். அந்த ‘ஷ’ வரும் இடத்திலும் தொண்டை அதிரும். மிஷன், நேஷனில் அந்த இடத்தில் அதிராது. அதிர்ந்தால் எஸ் போடலாம், பயமில்லை. ஈக்வேஷன் ஒன்றுதான் அதிர்ந்துகொண்டே டைகர் டி வைத்திருக்கும் பெயர்போன விதிவிலக்கு.

*

எங்கள் தெருவில் ஒரு போர்டில் எலக்ட்ரீஷியன் என்பதை ‘டி-ஐ-ஓ-என்’ போட்டு எழுதியிருக்கிறார்கள். தப்புதானே?
— வாசகி, செல்லூர்

தப்புதான். ஆள் என்றால் சி-ஐ-ஏ-என். எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், மியூசிஷியன், பொலிட்டீஷியன். இது ஷன் விகுதியே இல்லை, எலக்ட்ரிக், மியூசிக் என்பவற்றின் கடைசி ‘சி’யோடு ‘இயன்’ சேர்ந்தது. ஷன் பொதுவாகத் தனி ஆளைக் குறிக்க வராது. ஆனால் அந்த போர்டுக்காரர் ஃபேன் ஓட வைத்தால் சரி, போர்டைத் திருத்தப் போய் அவரை விரோதித்துக்கொள்ளாதீர்கள்.

*

‘ஆதார் அப்டேஷன்’ என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அப்படி ஒரு சொல்லே இல்லை என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?
— வாசகர், வாடிப்பட்டி

மகன் சொல்வது பரீட்சைக்குச் சரி. அப்டேட் என்பதே வினையாகவும் பெயராகவும் நிற்கும், ‘ஆதார் அப்டேட்’ என்றாலே போதும். என்னிடம் டைப் படிக்கிறவர்களை அப்டேஷன் என்று அடிக்க விடமாட்டேன்.

ஆனால் அந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் ஒரு மரியாதை வருகிறது. டொனேட் - டொனேஷன், டிக்டேட் - டிக்டேஷன் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது, அப்டேட்டின் கடைசியிலும் அதே ‘ஏட்’டைக் கேட்கிறது. அங்கே இருப்பது தேதி என்ற ‘டேட்’. அது வினை விகுதி இல்லை. காதுக்கு அது எப்படித் தெரியும்? அது தனக்குத் தெரிந்த இலக்கணத்தைப் போட்டுவிட்டது. அப்கிரேடேஷனும் இந்தியாவில் இப்படிப் பிறந்ததுதான். இன்று அது ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே தாராளமாக உலவுகிறது.

ஆங்கிலேயர்களும் ஒன்றும் ஒழுங்கில்லை. பட்டினிக்கு ஸ்டார்வேஷன் என்கிறார்களே, அந்த ஸ்டார்வ் அசல் இங்கிலாந்து மண்ணின் சொல், பழைய ஆங்கிலத்தில் ‘சாவு’ என்று பொருள். அதன் தலையில் லத்தீன் விகுதியைக் கட்டிவிட்டார்கள். 18-ம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த கலப்பு அது. தொல்லை என்பதற்கு ‘பாதரேஷன்’ என்று அவர்களே சலித்துக்கொள்வதும் உண்டு. நாம் மட்டும் அப்டேஷன் என்று சொல்லிவிட்டால் குற்றமா?

ஆனாலும் மகனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். மார்க் போகும்.

*

பள்ளியில் சேர்க்க ‘டொனேஷன்’ கேட்கிறார்கள். டொனேட் என்றால் மனமுவந்து கொடுப்பது என்று அகராதி சொல்கிறது. எது முதலில் வந்தது, டொனேட்டா, டொனேஷனா?
— வாசகர், அலங்காநல்லூர்

மனம் உவக்காவிட்டாலும் வாங்கிக்கொள்வார்கள், அதற்கு நான் என்ன செய்ய?

கேள்வி நல்ல கேள்வி. டொனேஷன்தான் மூத்தது. அது ஆங்கிலத்துக்கு வந்து சில நூற்றாண்டுகள் கழித்துத்தான் டொனேட் பிறந்தது. ஷன் என்று முடிகிறதே, இதற்கொரு வினை இருந்தாக வேண்டுமே என்று வாலை நறுக்கி வினை செய்துகொண்டார்கள். டெலிவிஷன் வந்த பிறகு டெலிவைஸ், ஆட்டோமேஷன் வந்த பிறகு ஆட்டோமேட். இரண்டும் 20-ம் நூற்றாண்டுச் சரக்கு. பெயரிலிருந்து வினை பிறக்கும் இந்தத் தலைகீழ்ப் பிறப்பு நின்றுவிடவில்லை, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

*

இன்டர்வியூவில் என் உச்சரிப்பு தட்டையாக இருக்கிறது என்கிறார்கள். பெரிய சொற்களில் எங்கே அழுத்துவது?
— இளங்கலை முடித்தவர், திருப்பரங்குன்றம்

ஷன் சொற்களில் ஆங்கிலம் நமக்கு ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. ஷன்னுக்கு நேர் முந்தைய அசையில் அழுத்தினால் போதும். எஜுகேட் என்பதில் ‘எ’ மேல் அழுத்தம். எஜுகேஷன் என்றதும் அது ‘கே’ மேல் ஓடிவிடும். இன்ஃபார்ம் என்பதில் ‘ஃபார்’. இன்ஃபர்மேஷனில் ‘மே’, அந்த ‘ஃபார்’ சோர்ந்துபோய் ‘ஃப’ ஆகிவிடும். அழுத்தம் இல்லாத அசைகளை நன்றாக அழுத்தம் இல்லாமலே சொல்ல வேண்டும், அதுதான் நமக்கு வராது. தமிழில் எல்லா எழுத்துக்கும் அதனதன் மாத்திரையைக் கொடுத்துப் பழகியவர்கள் நாம்.

ரிஜிஸ்ட்ரேஷன், எக்ஸாமினேஷன், கம்யூனிகேஷன். இந்த மூன்றையும் காலையில் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே போங்கள். பக்கத்து சீட்காரர் பார்த்தால் பார்க்கட்டும். டெலிவிஷனில் மட்டும் அழுத்தம் பொதுவாக முதல் அசைக்குப் போய்விடும். கொஸ்டின், சஜெஷன், டைஜெஷன் மூன்றிலும் எஸ்-ஸுக்குப் பின்னால் டைகர் டி வருவதால் ‘ஷன்’ இல்லை, ‘ச்சன்’: க்வெஸ்ச்சன், சஜெஸ்ச்சன், டைஜெஸ்ச்சன்.

*

ஆங்கிலத்தில் மனு எழுதும்போது ஷன் சொற்கள் நிறைய இருந்தால்தான் கௌரவமாக இருக்கும் என்கிறார் எங்கள் ஊர் எழுத்தர். உண்மையா?
— வாசகர், பேரையூர்

கௌரவமாக இருக்கும், யாருக்கும் புரியாது. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குக் கொண்டுபோகிற பெட்டிஷன்களைப் பார்த்திருக்கிறேன். ‘ரத்து செய்யுங்கள்’ என்று ஒரு வினையில் முடிய வேண்டியதை, கேன்சலேஷனுக்கான கன்சிடரேஷனுக்கான அப்ளிகேஷன் என்று மூன்று ஷன்னில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்தச் சொற்களுக்குள் யார் செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்பது காணாமல் போய்விடும். தொழிற்பெயருக்கு எழுவாய் வேண்டாம், காலம் வேண்டாம் இல்லையா? ஆபீஸ்காரர்களுக்கு அது பிடிப்பதற்குக் காரணமே அதுதான்.

தமிழிலும் இந்த வியாதி வந்துவிட்டது. ‘ஆய்ந்தோம்’ என்பது ‘ஆய்வு மேற்கொள்ளப்பட்டது’ ஆகிறது, ‘பார்த்தார்’ என்பது ‘பார்வையிடல் நடைபெற்றது’ ஆகிறது. உங்கள் மனுவில் ஷன் வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் சுழித்து, வினையாக மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். சப்ஜெக்ட் வரியில் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும். பெட்டிஷன் என்பதே ஷன்தானே, அதை எங்கே கொண்டுபோய் விடுவது!

*

டீச்சர், ஜூனியர் டைப்ரைட்டிங் படிக்கிறேன். ‘டி-ஐ-ஓ-என்’ அடிக்கும்போதெல்லாம் ஓ முந்திக்கொண்டு ‘டி-ஓ-ஐ-என்’ என்று விழுகிறது. என்ன செய்வது?
— மாணவி, கூடல்நகர்

உனக்கு மட்டும் இல்லை பாப்பா, பாதி வகுப்புக்கு இதே கதைதான். விரலைக் கவனி. டைகர் டி இடது ஆள்காட்டி விரல். அப்புறம் வருகிற மூன்றும் வலது கை: ஐ நடுவிரல், ஓ மோதிர விரல், என் ஆள்காட்டி விரல். ஒரே கையில் மூன்று விரல் வரிசையாக வேலை செய்யும்போது, மோதிர விரல் தன் முறைக்குக் காத்திருக்காது. நடுவிரல் மேலே ஏறும்போதே கூடவே எழுந்துவிடும், பக்கத்துப் பக்கத்து விரல் இல்லையா. வேகம் கூடக் கூட அது முந்தும்.

வேகத்தை விடு. நிமிஷத்துக்கு 30 வார்த்தை பிறகு வரும். ஆக்ஷன், நேஷன், ஸ்டேஷன் மூன்றையும் ஒரு வரி முழுக்க, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே இடைவெளி விட்டு, வாய்விட்டு எழுத்தைச் சொல்லிக்கொண்டே அடி. ஐ அடித்ததும் நடுவிரல் ஹோம் வரிசைக்கு, அதாவது விரல்கள் ஓய்வாக நிற்கும் நடு வரிசைக்கு, இறங்கிய பிறகுதான் மோதிர விரல் ஏற வேண்டும். மணிக்கட்டைத் தூக்காதே. இது கைக்கு வந்த பிறகு அட்மினிஸ்ட்ரேஷன் போடு. ஐந்து அடிக்கு ஒரு வார்த்தை என்று கணக்கு வைப்பதால், 14 எழுத்தும் ஒரு ஸ்பேஸும் சேர்ந்து மூன்று வார்த்தை ஆகிவிடும். கைக்குப் பழகிவிட்டால் பரீட்சையில் உனக்கு லாபம். பழைய ரிப்பனிலேயே அடித்துப் பழகு, எழுத்து மங்கலாக விழுந்தாலும் பரவாயில்லை.